ஒரே சலங்கைக்கு இரண்டு விலை

கண்ணு,

வருகிற வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். வாசலில் பந்தல்கால் நட்டாகிவிட்டது. கூடத்தில் உன் சீர்ப் பாத்திரங்களுக்குப் பக்கத்திலேயே எட்டுச் சாக்கு மூட்டைகள் நிற்கின்றன. உள்ளே முழுக்கக் கயிறும் மணியும் சலங்கையும். மாட்டுக் கயிற்றைச் சீரோடு கொண்டுபோகிற பெண்ணை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை என்று உன் பெரியப்பா வீட்டார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு லேசாக இருக்கிறது. போன வருசம் இந்நேரம், போனில் நீ நடத்துகிற அந்தக் கயிற்றுக் கடை இருக்குமா போய்விடுமா என்றே தெரியாமல் நாம் மூவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அன்று உன் தலையில் ஒரு பழி விழுந்தது. அது உன்னுடையதே இல்லை, என்னுடையது. நீ இந்த வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் அதை உன் தலையிலிருந்து இறக்கி என் தலையில் வைத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மாட்டுத் தரகுத் தொழில் உனக்குத் தெரியும். சந்தையில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவேன், முக்கியமானதை மட்டும் துண்டுக்குள் கையை விட்டு விரலால் சொல்வேன். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

நீ ஓசூரில் வேலையை விட்டுவிட்டு ஒரே ஒரு பையோடு வந்து இறங்கிய நாளை நான் மறக்கவில்லை. கம்பெனியில் உன் பிரிவையே மூடிவிட்டார்கள் என்றாய். பி.காம் படித்த பெண், உங்கம்மாவோடு வாரச் சந்தையில் தார்ப்பாய் விரித்து மூக்கணாங்கயிறு விற்க உட்கார்ந்தாய். மாட்டுத் தரகனின் பெண் மாட்டுக் கயிறு விற்பதில் ஒன்றும் குறைச்சல் இல்லைதான். ஆனாலும் தெரிந்தவர்கள் வந்து விசாரிக்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நீ அதைக் கவனித்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கவனித்திருந்தால் மன்னித்துவிடு.

ஒருநாள் காலையில் கட்டுத்தறிக்குப் போனால், நம் செவலைப் பசுவுக்குப் புதுச் சிவப்புக் கயிறு கட்டி, அதன் முன்னால் நீ மண்டியிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். பசு உன்னை நக்கப் பார்த்தது. விற்கிற கயிற்றை எதற்கு மாட்டுக்குக் கட்டினாய், அழுக்காகாதா என்று சத்தம் போட்டேன். "தரையில கெடந்தா அது வெறும் கயிறுப்பா. மாட்டு மேல ஏறுனாத்தான் வாங்கறவனுக்கு அவன் மாடு ஞாபகம் வரும்" என்றாய். எனக்கு அது புரியவில்லை. படத்தைப் பார்த்து யார் கயிறு வாங்குவார்கள்? கயிறு என்றால் கையில் முறுக்கிப் பார்க்க வேண்டும், பல்லால் கடித்துப் பார்க்க வேண்டும். நான் உன்னைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தேன். போனுக்குள் சந்தை கூடுது, வந்து தரகு பேசுங்க என்று உங்கம்மா என்னைத் திருப்பிக் கிண்டல் செய்தாள்.

போனில் ஒரு செயலியில் கடைக்கென்று ஒரு பக்கம் திறந்து, முதல் மாதம் நீ ஒரே நாளில் பத்துப் பதினைந்து படம் போட்டாய். பார்த்தவர்கள் சலித்துப்போய் விலகிவிட்டார்கள் என்று நீயே சொன்னாய். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரே படம் என்று குறைத்தாய். அதுவும் பால் கறந்து முடித்து ஆட்கள் டீக்கடையில் போனை எடுக்கிற நேரமாகப் பார்த்து. படத்துக்குக் கீழே ஆலம்பாடி மாடு, எருது, சலங்கை என்று தேடுகிறவன் தேடுகிற வார்த்தைகளையே எழுதினாய். யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னாய், சண்டைக்கு வந்தவனுக்கும் சொன்னாய். காசு கட்டினால் உன் படத்தை இன்னும் நிறையப் பேருக்குக் காட்டுகிறோம் என்று அந்தச் செயலியே தினமும் ஒரு பொத்தானை நீட்டிக்கொண்டிருந்தது. கட்டித் தொலை, நான் தருகிறேன் என்று ஒருநாள் சொன்னேன். "காசு குடுத்துக் கூப்புட்டா அன்னிக்கு மட்டும் வருவாங்க. தானா வந்தவங்கதான் நிப்பாங்கப்பா" என்று சொல்லிவிட்டாய். கயிறு வாங்கியவர்களிடம், அதை உங்கள் மாட்டுக்குக் கட்டி ஒரு படம் அனுப்புங்கள், எங்கள் பக்கத்தில் போடுகிறோம் என்று கேட்டாய் பார், அங்கேதான் நான் உன்னைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தேன். திருவிழாவில் எருது விடுகிற ஊர்க்காரர்களுக்கு அவர்கள் எருதை யாராவது நாலு பேருக்குக் காட்டினால் போதும், உயிரையே கொடுப்பார்கள். படங்கள் வந்து குவிந்தன. ஒரு எருதுக்காரன் படம் வந்தால் அவன் ஊரே அதைப் பார்த்தது. பைசா செலவில்லாமல் உன் கடை ஊர் ஊராகப் போனது. கோயம்புத்தூரில் ஓர் அம்மா வீட்டு வாசற்கதவில் கட்ட மணி வாங்கினார். பெங்களூரில் ஒருவர் நாய்க்குக் கட்டச் சலங்கை கேட்டார். மாட்டுச் சலங்கையை நாய்க்குக் கட்டுவதா என்று நான் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தேன். நீ இரண்டு அளவில் அனுப்பிவைத்தாய்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் விலையை எழுதிவைத்திருந்தாய்.

என் தொழிலில் அது ஆகவே ஆகாது. விற்கிறவன் கையும் தரகன் கையும் துண்டுக்குள் போகும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்கிற மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. அப்புறம் அதே துண்டோடு வாங்குகிறவனிடம் போவேன். ஒரே சந்தையில், ஒரே காலையில், ஒரே மாதிரி இரண்டு மாடு இரண்டு விலைக்குப் போகும். ஒருவனுக்கு அவசரம் இருக்கும், ஒருவனுக்கு ஆசை இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவன் விற்கும்போது நான் ஒரு விரல் கூடுதலாகப் பிடித்திருக்கிறேன். அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை, நியாயம் என்றுதான் சொன்னார்கள். அப்படி முப்பது வருசம் பழகிய எனக்கு, விலையை ஊருக்கே எழுதிக் காட்டுவது துணி இல்லாமல் தெருவில் நிற்பது மாதிரி இருந்தது. விலையை ஒட்டிவிட்டால் வருகிறவனோடு பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உன்னை நச்சரித்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் விலைகளை எடுத்துவிட்டு, "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று போட்டாய். அது உன் புத்தி இல்லை, என் புத்தி. இதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன். துணைக்குப் பத்து நாள் நீ போக வேண்டி வந்தது. கடைக்கென்று வைத்திருந்த பழைய போனை என் கையில் கொடுத்து, விலைப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கேட்கிறவர்களுக்கு இதைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றாய். அந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். திரும்பி எடுக்கவே இல்லை. கண்ணு, உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்து நாளும் எனக்குத் திருவிழாவாக இருந்தது. ஒவ்வொருவரும் மெசேஜ் அனுப்பும்போது அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் இருக்குமே, அதைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பேன். காருக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றால் ஒரு விலை. ஓட்டு வீட்டு வாசலில் லுங்கியோடு நின்றால் அதைவிடக் குறைந்த விலை. வாத்தியார் மாதிரி தெரிந்தவருக்கு நடுத்தரமாக ஒன்று. முகத்தைப் பார்த்து விலை சொல்கிற வித்தையை இதிலும் பிடித்துவிட்டேன் என்று உங்கம்மாவிடம் பெருமை அடித்தேன். அவள் அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருக்கிறவனிடம் கொஞ்சம் கூட வாங்கி, இல்லாதவனுக்குக் குறைத்துக் கொடுக்கிறேன், இதில் என்ன பாவம் என்றுதான் மனதார நினைத்தேன்.

மேற்கே ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பேர் ஒரே மாதிரி சலங்கைப் பட்டை கேட்டிருந்தார்கள். ஒருவன் காரில் சாய்ந்து நின்ற ஆள். இன்னொருவன் வெறும் பனியனோடு எருதைப் பிடித்துக்கொண்டு நின்றவன். முதலாமவனுக்குக் கூட்டியும் இரண்டாமவனுக்குக் குறைத்தும் சொன்னேன். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் பணம் அனுப்பினார்கள். அவர்கள் மாமன் மச்சான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எருது விடுகிற அன்று இரண்டு எருதும் அக்கம்பக்கம் நின்றிருக்கின்றன, கழுத்தில் ஒரே சலங்கையோடு. அதிலும் கொடுமை என்னவென்றால், அந்தக் கார் பனியன் போட்டவனுடையதாம். காரில் சாய்ந்தவன் மச்சான் காரில் சாய்ந்து ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்ட ஏழை. என் நியாயத்தின்படி பார்த்தால்கூட நான் செய்தது தலைகீழாகப் போயிருந்தது. கூடுதல் விலை கொடுத்த அவன் இரண்டு எருதையும் சேர்த்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் கழுத்துக்குப் பக்கத்திலும் வாங்கிய விலையை எழுதி, உன் கடைப் பேரையும் போட்டு வெளியிட்டுவிட்டான். நீ எந்த வழியாகக் கடையை வளர்த்தாயோ, அதே வழியாக அது பரவியது. ஊர் ஊராகப் போன பேர் ஊர் ஊராகக் கெட்டது. அதுவரை வாங்கியவர்கள் எல்லோரும் தங்களுக்கு என்ன விலை சொன்னார்கள் என்று கீழே எழுத ஆரம்பித்தார்கள். பொம்பளை கடை வைத்தால் இப்படித்தான் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதை நானே படித்தேன்.

நீ சேலத்திலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாய். பையைக்கூடக் கீழே வைக்காமல் போனைக் கேட்டாய். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாய். என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நீ கேட்டது ஒன்றுதான்: அந்தத் தாள் எங்கேப்பா? சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், துவைத்துக் கூழாகியிருந்தது. அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளில் நீ கையால் எழுதிப் படம் எடுத்துப் போட்டாய். ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு விலை சொன்னது தவறு, அந்தத் தவறு என்னுடையது, கூடுதலாக வாங்கியதை அவரவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன், இனி விலை படத்திலேயே இருக்கும் என்று எழுதியிருந்தாய். என் பேரைச் சொல்லியிருக்கலாமே என்று நான் முனகினேன். "கடை என்னுதுப்பா. உள்ள யாரு உக்காந்திருந்தாலும் கடைக்காரிதான் பதில் சொல்லணும்" என்றாய். அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. தப்பித்தோம் என்ற அப்பாடா. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அப்புறம் இரண்டு வாரம் ஒரு மெசேஜ்கூட வரவில்லை. நீ மட்டும் தினமும் காலையில் ஒரு படம் போட்டாய், விலையோடு. யாரும் பார்க்காத சந்தையில் தினமும் தார்ப்பாய் விரிக்கிற மாதிரி. மூன்றாவது வாரம் அந்தக் கோயம்புத்தூர் அம்மா, தப்பை ஒத்துக்கொண்ட கடையில்தான் இனி வாங்குவேன் என்று எழுதி இன்னும் ஒரு மணி வாங்கினார். பிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டினார்கள். காரில் சாய்ந்தவன்கூட மூக்கணாங்கயிறு வாங்கி, எருதோடு நின்று படம் எடுத்து அனுப்பினான். நான் அன்றிலிருந்து அந்தப் போனைத் தொடவில்லை. தொட்டால் என் கையை ஒடித்துவிடுவதாக உங்கம்மா சொல்லியிருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. பாலக்கோட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றுதான் நான் பெரிய தப்பைச் செய்தேன். மாப்பிள்ளை சொட்டுநீர்க் குழாய் பதிக்கிற வேலை, வீட்டில் தக்காளி வெள்ளாமை, எனக்கும் உங்கம்மாவுக்கும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. உனக்கும் பிடித்திருந்தது, உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது உன் மாமியார், அதாவது அப்போது இன்னும் மாமியார் ஆகாத அந்த அம்மா, சாதாரணமாகக் கேட்டார்: "போன்ல பாத்தம்மா, ஒரே சலங்கைக்கு ரெண்டு வெல சொன்னியாமே, நெசந்தானா?" நீ நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாங்க, அப்படி ஆயிருச்சு, திருத்திக்கிட்டனுங்க என்றாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் உன் பக்கத்திலேயே டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். வாயைத் திறக்கவில்லை. ஊர் முன்னால் ஒரு பெண் தன் தகப்பனுக்காகப் பழியைச் சுமப்பதை, அந்தத் தகப்பனே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பியவர்களிடமிருந்து பத்து நாளாகப் பேச்சே இல்லை. உங்கம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ எதுவும் நடக்காதது போலப் பார்சல் கட்டினாய், ஆனால் ஒரே முகவரியை இரண்டு பார்சலில் எழுதினாய். பதினோராம் நாள் காலையில், தர்மபுரியில் ஒரு மாட்டுக்காரனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன் அல்லவா, நான் தர்மபுரிக்குப் போகவே இல்லை. பாலக்கோடு பஸ் பிடித்தேன். அந்த அம்மா தக்காளி மண்டியில் இருப்பதாக வீட்டில் சொன்னார்கள். மண்டியில் கால் வைக்க இடமில்லை, டிராக்டரும் வண்டியும் தக்காளி அடுக்கிய பிளாஸ்டிக் கிரேடுகளுமாக ஒரே சத்தம். அந்த அம்மா கிரேடுகளுக்கு நடுவில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். நான் என்னென்னவோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அத்தனையும் மறந்துபோனது. சத்தத்தில் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்தித்தான் சொன்னேன். "ரெண்டு வெல சொன்னது நானுங்க. எம் பொண்ணு ஊர்லயே இல்லைங்க. அன்னிக்கு உங்க முன்னால சொல்லாம இருந்தது என் தப்புங்க." பக்கத்தில் ஏலம் எடுக்க நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சந்தையில், துண்டு இல்லாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒன்றைச் சொன்னேன்.

அந்த அம்மா ஒரு கிரேடைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். "இதச் சொல்லவா இம்மாந் தூரம் வந்தீங்க? தக்காளி வெல ஏறிப்போச்சுங்க, பத்து நாளா வூட்டுக்குச் சோறு திங்கக்கூட நேரமா போகல. அதான் சொல்லி அனுப்பல. பொண்ண அன்னிக்கே எங்களுக்குப் புடிச்சுப்போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நான் எழுந்து கிளம்பும்போது, குரலை இறக்கி இன்னொன்றும் சொன்னார். "ஆனா அன்னிக்கே அந்தப் புள்ளைய வெச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கலாமுங்க." அது சரிதான். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு, நன்றாகத் தூங்கினேன். நம்ம ஊர் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.

புத்தி சொல்லாமல் ஒரு தகப்பன் கடிதத்தை முடித்தால் நன்றாகவா இருக்கும், ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். அங்கே போனதும் நல்ல வெளிச்சம் விழுகிற ஒரு சுவரைப் பார்த்து வைத்துக்கொள். செவலையை அனுப்ப முடியாது, உன் மாமியார் வீட்டில் இரண்டு எருமை இருக்கிறதாம், எருமைக்கும் சிவப்புக் கயிறு எடுப்பாக இருக்கும். கல்யாணக் களைப்பில் ஒரு வாரம் படம் போடாமல் இருந்துவிடாதே. மாப்பிள்ளை தோட்டத்துத் தக்காளியையும் உன் பக்கத்தில் போடச் சொல்வார்கள். முடியும் என்றால் போடு, முடியாது என்றால் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல். என்னை மாதிரி மனதுக்குள் வைத்துக்கொண்டு விரலை அசைக்காதே. கடைப் போனை யாரிடமாவது கொடுக்க நேர்ந்தால், அது மாப்பிள்ளையாகவே இருந்தாலும், விலைத் தாளைச் சட்டைப் பையில் வைக்கவிடாதே. உன் மன்னிப்புப் படத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் அழித்துவிடலாமா என்று போன வாரம் உங்கம்மாவிடம் கேட்டாயாம். அழிக்க வேண்டாம், கண்ணு. அதை நம்பித்தான் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு வரி பொய். தவறு என்னுடையது என்று நீ எழுதியிருக்கிறாய். அதைப் படித்த முன்பின் தெரியாத ஆயிரம் பேர் இன்னமும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் மாமியாரிடம் சொன்னது போதாது, அவர்களிடமும் நான் சொல்ல வேண்டும். அதனால் இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து உன் பக்கத்தில் போட்டுவிடு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பரவாயில்லை, படிக்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள். முழுக்கப் போட மனம் வரவில்லை என்றால் கீழே நான் கையொப்பமாக எழுதியிருக்கிற ஒரு வரியை மட்டும் போடு.

இப்படிக்கு,
அந்தச் சலங்கைக்கு இரண்டு விலை சொன்ன, கடைக்காரியின் அப்பன்.